எப்பாக்ஸி பிரைமரும் டர்பன் ஈரக்காற்றும்

எப்பாக்ஸி பிரைமர் என்பது பிசினும் ஹார்டனரும் (இறுக வைக்கும் இரண்டாவது டின்) கலந்து, மேல்பெயிண்டுக்கு முன்னால் உலோகத்தில் அடிக்கும் அடிக்கோட். வெறும் இரும்பில் அடித்த அது உரிந்து வந்தால் எல்லோரும் முதலில் திட்டுவது டின்னைத்தான். பெயிண்ட் சரியில்லை, பழைய சரக்கு, அடுத்த தடவை வேற கம்பெனி வாங்கணும் என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல வருஷமாக வண்டி பாடி வேலையும் கேட், கிரில், டிரெய்லர் வேலையும் பார்க்கிறேன், அதற்கு முன்னால் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் கொஞ்ச காலம். உரிந்துபோய் நம்மிடம் வந்த தகடுகளைச் சுரண்டிப் பார்த்த வரைக்கும், டின் கெட்டிருந்தது ரொம்ப அபூர்வம். அடிப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலோ, அடித்து முடித்த அன்றைய ராத்திரியிலோதான் வேலை கெட்டிருக்கும். அந்த இரண்டு நேரத்திலும் இரும்பு எவ்வளவு சூடாக இருந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. காற்று எவ்வளவு சூடு என்று மட்டும் போனைப் பார்த்துச் சொல்வார்கள்.

டர்பன் கோடையை எடுத்துக்கொள்ளுங்கள், நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும். காலை எட்டு மணிக்கே காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்பது இங்கே சாதாரணம். பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படிய ஆரம்பிக்கும் சூடு, தெரிய ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது: ஈரப்பதம் நூறிலிருந்து எத்தனை குறைகிறதோ அதை ஐந்தால் வகுத்து, காற்றின் சூட்டிலிருந்து கழித்துவிட வேண்டும். ஈரப்பதம் 50-க்கு மேல் இருக்கும்போது இது நன்றாகவே ஒத்துவரும். அப்படியானால் 28-ல் நாலு போக 24. அதாவது 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்த இரும்பின் மேலும் தண்ணீர் படியும். பெயிண்ட் கம்பெனிகளின் டேட்டா ஷீட்டில் பொதுவாக, பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இரும்பு இருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். நம் கணக்குப்படி 27. ராத்திரி முழுக்க சிமெண்ட் தரையில் கிடந்த பத்து மில்லி பிளேட்டோ, சேஸியோ, காலையில் 22-லதான் இருக்கும். கண்ணுக்கு வியர்வை தெரியாது, தொட்டால் லேசாகக் குளிரும், அவ்வளவுதான். அதன் மேல் அடித்த பிரைமர், இரும்பின் மேல் அடித்ததில்லை, தண்ணீர்ப் படலத்தின் மேல் அடித்தது.

அதனால் நான் வாங்கச் சொல்லும் முதல் இரண்டு சாமான், ஸ்ப்ரே கன்னுக்கும் முன்னால், தள்ளி நின்று சூடு பார்க்கும் லேசர் தெர்மாமீட்டரும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும். ஒரே ஒரு சங்கதி, பளபளப்பாகத் தேய்த்த வெறும் உலோகத்தில் அந்த லேசர் மீட்டர் பொய் சொல்லும். ஓரமாக ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, டேப் இரும்பின் சூட்டுக்கு வர நேரம் கொடுத்து, அதன் மேல் காட்டிப் பாருங்கள். மெல்லிய தகடு வெயில் ஏற ஏறச் சீக்கிரம் சூடாகிவிடும், கனத்த பிளேட் மதியம் வரைக்கும் இழுக்கும். ஒரே டிரெய்லரில் இரண்டும் இருந்தால் கனத்ததைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் உள்நாட்டு மலைப்பக்கமிருந்து அடிக்கும் வறண்ட சூட்டுக்காற்றை இங்கே பெர்க் விண்ட் என்பார்கள். அன்றைக்கு ஈரப்பதம் சட்டென்று இறங்கும், பெயிண்ட் வேலைக்கு நல்ல நாள் மாதிரித் தோன்றும். ஆனால் அதன் பின்னாலேயே கடல் பக்கமிருந்து குளிர்ந்த ஈரக்காற்று வந்து கொஞ்ச நேரத்திலேயே சூட்டைக் கீழே இறக்கிவிடும். மதியம் வெளியே வைத்து அடித்த கேட் சாயங்காலம் ஈரத்தில் மாட்டிக்கொள்ளும். பெர்க் விண்ட் நாளில் அடிக்கலாம், ஆனால் அடித்த கையோடு உள்ளே கொண்டுபோய் வைக்க இடம் இருந்தால் மட்டும்.

சுத்தம் செய்வதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், வரிசையைத்தான் யாரும் சொல்வதில்லை. தேய்ப்பதற்கு முன்னாலேயே ஒரு தடவை எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். கிரீஸ் இருக்கும் தகட்டை அப்படியே 80 நம்பர் உப்புத்தாளில் தேய்த்தால், கீறலுக்குள் கிரீஸைத் திணித்துவிட்டு மேலே பளிச்சென்று காட்டும். தேய்த்த பிறகு இன்னொரு தடவை. ஒரு துணி கிரீஸ் எடுக்கும் சால்வெண்டில் நனைத்தது, இன்னொரு துணி காய்ந்தது; நனைந்த துணியால் துடைத்த இடம் காய்வதற்குள் காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். தானாகக் காய விட்டால் அழுக்கு இடம் மாறியதே தவிர வெளியே போகவில்லை. கன் கழுவிய பழைய தின்னரில் துடைப்பது எல்லாக் கடையிலும் நடக்கிறது, அதில் கரைந்திருக்கும் பழைய பெயிண்டெல்லாம் இரும்பில் மெல்லிசாகப் பூசிக்கொள்ளும்.

சுத்தமாகிவிட்டதா என்று தெரிய எனக்குப் பிடித்த சோதனை தண்ணீர்தான். சுத்தமான தண்ணீரை ஊற்றினால் அது விரிந்து ஒரே ஏடாக நிற்க வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது. பார்த்ததும் ஊதி, துடைத்து, காயவைத்துவிட வேண்டும், இந்த ஊரில் வெறும் இரும்பைத் தண்ணீரோடு விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் வரும்போது மஞ்சள் பூத்திருக்கும்.

இனி உப்பு. டர்பனில் இது தனி அத்தியாயம். பிளஃப் பக்கமும் அமான்சிம்தோதி பக்கமும் கடலைப் பார்த்து நிற்கிற பக்கிகள், அதாவது நம்ம ஊர் பிக்கப் வண்டிகள், பின்பெட்டி ஓரமெல்லாம் துருப் பொருக்கு எடுத்து வரும். சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோவில் ரதத்தின் அடிச்சட்டத்துக்கும் இதே கதிதான், கடற்கரைக்குப் போய்வந்து போய்வந்து சேனலெல்லாம் குழி விழுந்திருந்தது. கமிட்டிப் பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, காவடிக்கு முன்னாடி முடிஞ்சிருமா?" என்றார். தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில், ஈரக்காற்றின் உச்சத்தில். "முடியும் அண்ணா, ஆனா ரெண்டு தடவை பிளாஸ்ட் பண்ணணும், நடுவுல தண்ணி ஊத்திக் கழுவணும்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிங் பண்ணிய, அதாவது வேகமாக மணல் அடித்துத் துருவெடுத்த இரும்பில் தண்ணீர் ஊற்றுவதாவது!

காரணம் இருக்கிறது. சட்டம் பிளாஸ்டிங்கிலிருந்து வந்த அன்றைக்குச் சாம்பல் வெள்ளையாக, ஒரு புள்ளி துருகூட இல்லாமல் இருந்தது. அதை ஒரு ராத்திரி ஷெட்டில் விட்டுவிட்டு, காலையில் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சேனலின் உள்மூலையில், பழைய குழி இருந்த ஒவ்வொரு இடத்திலும், ஊசிமுனை அளவுக்குக் கருப்புப் புள்ளி, அதைச் சுற்றி மெல்லிய பழுப்பு வளையம். குழி இல்லாத சமதளத்தில் ஒன்றுமில்லை. குழியின் அடியில் உப்பு இன்னும் உட்கார்ந்திருக்கிறது, அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது என்று அர்த்தம். மணல் அடித்தால் துரு போகும், உப்பு அவ்வளவு லேசில் போகாது. அதன் மேல் எப்பாக்ஸியைப் போட்டு மூடினால், படலத்தின் வழியாக மெதுவாக உள்ளே போகும் ஈரத்தை அந்த உப்பு இழுத்து வைத்துக்கொண்டு கொப்புளமாகக் கிளப்பும். பிரைமரை எவ்வளவு நன்றாக அடித்திருந்தாலும் கிளப்பும். அதனால் பிரஷர் வாஷரில் நல்ல தண்ணீரை விட்டு மூலை மூலையாகக் கழுவி, உடனே சூட்டுக்காற்றில் காயவைத்து, மேலே வந்த மஞ்சளை இரண்டாவது தடவை லேசாக பிளாஸ்ட் பண்ணி எடுத்து, அன்றைக்கே பிரைமர் அடித்தோம். பெரிய வேலைகளில் உப்பை அளக்கவே ஒரு முறை இருக்கிறது, பிரெஸில் பேட்ச் என்று தோலில் ஒட்டும் பிளாஸ்திரி மாதிரி ஒன்று. தண்ணீரை ஊசியால் உள்ளே விட்டு எடுத்து, அது எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்ப்பார்கள். நம்ம மாதிரி சின்னக் கடைக்கு ராத்திரி முழுக்க வைத்துப் பார்ப்பதே போதும்.

அடுத்து கலவை. இங்கேதான் பட்டி பார்த்துப் பழகிய கைகள் தடுமாறும். பாலியஸ்டர் பட்டியில் சிவப்புப் பேஸ்ட்டைக் கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும், ஏனென்றால் அந்தப் பெராக்சைடு பேஸ்ட் வேலையைத் தூண்டிவிடுவதுதான். எப்பாக்ஸியின் ஹார்டனர் அப்படியில்லை. அதுவே படலத்தில் பாதி. பிசினின் ஒவ்வொரு முனையும் ஹார்டனரில் உள்ள அமீனின் ஒரு முனையோடு சேர்ந்து கட்டிக்கொள்கிறது. ஹார்டனர் கூடினால் ஜோடி கிடைக்காத அமீன் உள்ளேயே மிஞ்சி நின்று படலத்தை இளக்கமாக்கி ஈரத்தை இழுக்கும். குறைந்தால் பிசின் மிஞ்சும். இரண்டிலும் சீக்கிரம் காய்வது என்ற பேச்சே கிடையாது. 1:1, 2:1, 4:1, எது போட்டிருக்கிறதோ அது. அளவு கொள்ளளவிலா எடையிலா என்பதையும் பாருங்கள், ஒரே டின்னுக்கு இரண்டும் வேறாக இருக்கும். பேஸில், அதாவது பிசின் இருக்கும் டின்னில், கனமான நிறமிகள் அடியில் கட்டியாகப் படிந்திருக்கும், அடிவரை சுரண்டிக் கலக்காமல் மேல்தண்ணியை ஊற்றினால் விகிதம் அப்போதே போயிற்று.

சில எப்பாக்ஸிகளில் கலந்த பிறகு 15-லிருந்து 30 நிமிஷம் அப்படியே வைக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து பேச ஆரம்பிக்கும், அடித்த பிறகு அமீன் தனியாக மேலே மிதந்து வராது. ஷீட்டில் இருந்தால் வைக்க வேண்டும். எல்லா எப்பாக்ஸிக்கும் அது வேண்டியதில்லை. அதே மாதிரி, கலந்தது எவ்வளவு நேரம் தாங்கும் என்று போட்டிருப்பது 20 அல்லது 25 டிகிரிக்குப் போட்ட கணக்கு. பத்து டிகிரி ஏறினால் தோராயமாகப் பாதியாகிவிடும். டர்பன் ஜனவரி மதியத்தில் தகர ஷெட்டுக்குள் நான் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலப்பேன். கெட்டியாகிவிட்ட கலவையில் தின்னர் ஊற்றி இளக்கி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். கன்னிலிருந்து வெளியே வரும், இரும்பில் பிடிக்காது.

லெனேசியாவில் பிரச்சினை தலைகீழ். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் மேலே. ஜூன், ஜூலையில் காற்று வறண்டு கிடக்கும், இரும்பில் ஈரம் என்ற கவலையே இல்லை, ஆனால் ராத்திரிக் குளிர் நாலைந்து டிகிரிக்கு இறங்கிவிடும். மதியம் 17 டிகிரியில் அடித்துவிட்டுப் போனால் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து படலத்துக்குள் வேலை நடப்பதே நின்றுபோகும். குளிர்காலத்தில் தயிர் உறையாமல் பாலாகவே கிடக்குமே, அது மாதிரி. சாதாரண ஹார்டனர்களுக்குப் பெரும்பாலும் 10 டிகிரிதான் கீழ்வரம்பு. ஆனால் தின்னர் மட்டும் ஆவியாகிப் போய்விடுவதால் காலையில் தொட்டால் கை ஒட்டாது, உப்புத்தாள் போட்டால்கூட ஓரளவு மாவாக வரும். ஆளுக்கு நம்பிக்கை வந்துவிடும், மேலே பட்டியும் டாப்கோட்டும் ஏறும். சில மாதம் கழித்து ஒரு கல் அடித்த இடத்திலிருந்து ஏடு ஏடாகக் கழன்று வரும், அடியில் இரும்பு பளபளவென்று இருக்கும். அங்கே இறுகாமலே மூடப்பட்ட பிரைமர்தான் காரணம். குளிருக்கென்றே தனி ஹார்டனர் விற்கிறார்கள், கொஞ்சம் விலை கூட, ஆனால் அந்த ஊரில் அதுதான் சரி.

இதில் லோட்ஷெட்டிங் வேறு. 2022, 2023-ல் நாளுக்குப் பல தடவை இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம் என்று கரண்ட் போய்க்கொண்டிருந்த காலத்தில், இன்ஃப்ராரெட் விளக்கு நடுவில் அணைந்துவிடும் என்பதால் ஷெட்டுக்குள் கேஸ் ஹீட்டரையும் மண்ணெண்ணெய் ஹீட்டரையும் கொண்டுவந்து வைத்தவர்கள் நிறையப் பேர். சூடு என்னவோ வரும். ஆனால் எரியும்போது அது வெளியே விடுவது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும். ஹார்டனரில் உள்ள அமீனுக்கு இரண்டுமே ஆகாது. மூன்றும் சேர்ந்து படலத்தின் மேல் ஒரு பிசுபிசுப்பான உப்பை உண்டாக்கும், அமீன் ப்ளஷ் என்பார்கள். எல்லா ஹார்டனரிலும் ஒரே அளவுக்கு வராது, ஆனால் வந்தால் கண்டுபிடிப்பது சுலபம்: பளபளப்பு மங்கியிருக்கும், விரலை இழுத்தால் சோப்புத் தடவிய மாதிரி வழுக்கும். டர்பனில் ஈர ராத்திரியில் ஹீட்டரே இல்லாமலும் இது வரும். உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள், தேய்த்தால் அந்தப் பிசுக்கு கீறலுக்குள் இறங்கும், தாளும் அடைத்துக்கொள்ளும். தின்னரும் இதைச் சரியாகக் கரைக்காது. இதற்கு மருந்து வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்காட்ச்பிரைட்டும்தான். தேய்க்கும்போது லேசாக நுரைக்கும். அந்தத் தண்ணீர் காய்வதற்குள் சுத்தத் துணியால் எடுத்து, நல்ல தண்ணீரில் மறுபடி அலசி, காய்ந்த பிறகு உப்புத்தாள்.

இறுகிவிட்டதா என்று விரலை நம்பி முடிவு செய்யாமல் இருக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். எந்த வேலை செய்தாலும், அதே தடிமனில், அதே மாதிரி தேய்த்த ஒரு உதிரித் தகட்டையும் பக்கத்திலேயே வைத்து, அதே கலவையை அதே நேரத்தில் அடித்துவிடுவேன். அது வேலையின் பக்கத்திலேயே, அதே குளிரிலும் ஈரத்திலும் கிடக்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ, சோதனையெல்லாம் அந்தத் தகட்டில். வெள்ளைத் துணியைத் தின்னரில் நனைத்து அழுத்தி முன்னும் பின்னும் தேய்த்தால் துணியில் நிறம் ஏறக் கூடாது. லேசாகப் பட்டால் இன்னும் ஒருநாள் வைக்கலாம், படலமே இளகி வந்தால் கலவையிலோ சூட்டிலோ கோளாறு. அது முடிந்ததும் பிளேடால் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு, 25 சின்னக் கட்டம். 60 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை படலம் இருந்தால் கோட்டுக்குக் கோடு ஒரு மில்லிமீட்டர், அதற்கு மேல் 120 வரை இரண்டு. பிளேடு இரும்பைத் தொட வேண்டும். நல்ல பிசினுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி இழுத்துவிட்டு, டேப்பின் அடியைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 2409 என்ற சர்வதேசச் சோதனை முறையில் ஒன்றுமே வராவிட்டால் 0, அமெரிக்க முறையில் அதையே 5பி என்பார்கள். கட்டத்தின் ஓரம் மட்டும் பொடியாக வந்தால் ஒரு மாதிரி, முழுக் கட்டம் சுத்தமாக இரும்போடு பிரிந்து வந்தால் வேறு மாதிரி: முதலாவது பெரும்பாலும் நேரம் கொடுத்தால் சரியாகும், இரண்டாவது சுத்தம் போதாததன் அடையாளம், அதற்கு எத்தனை நாள் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை, முழுக்க எடுக்க வேண்டியதுதான். ரதச் சட்டத்தோடு அடித்த தகட்டைப் பெரியவர் கையிலேயே கொடுத்து டேப்பை இழுக்கச் சொன்னேன். பலமாகத்தான் இழுத்தார். ஒரு கட்டம்கூட வரவில்லை.

முழுசாக இறுக 20-25 டிகிரியில் சுமார் ஏழு நாள் ஆகும். ஆனால் மேல்கோட்டுக்கு ஏழு நாள் காத்திருக்க வேண்டியதில்லை, காத்திருக்கவும் கூடாது. ஒவ்வொரு பிரைமருக்கும் ஒரு அவகாசம் உண்டு, சிலதுக்கு 24 மணி நேரம், சிலதுக்குச் சில நாள். அதற்குள் மேலே அடித்தால் இரண்டு படலமும் ரசாயனமாகவே ஒட்டிக்கொள்ளும், தேய்க்க வேண்டாம். அது தாண்டிவிட்டால் மேல்பரப்பு மூடிக்கொள்ளும், 320 அல்லது 400 நம்பரில் மங்கலாகும்வரை தேய்த்துத்தான் ஆக வேண்டும். பிரைமரோடு மாதக்கணக்கில் வெயிலில் நிற்க வைக்காதீர்கள், எப்பாக்ஸி வெயிலில் மாவு பூத்துவிடும். கனமாக ஒரே கோட்டில் ஏற்றுவதும் வேண்டாம், இரண்டு மெல்லிய கோட், நடுவில் தின்னர் போக 20 நிமிஷமாவது.

அடிக்கடி கேட்பார்கள், முதலில் எட்ச் பிரைமர் அடித்து அதன் மேல் எப்பாக்ஸி போட்டால் இரட்டைப் பிடிப்பு கிடைக்குமா என்று. பெரும்பாலான கம்பெனிகள் வேண்டாம் என்றுதான் எழுதுகிறார்கள். எட்ச் பிரைமரில் அமிலம், எப்பாக்ஸி ஹார்டனர் காரம். அமிலம் ஹார்டனரைத் தின்றுவிட்டால் இரும்பைத் தொடும் இடத்தில், அதாவது பிடிப்பு வேண்டிய இடத்திலேயே, இறுகல் குறையும். துருவைக் கருப்பாக்கும் பாஸ்பாரிக் அமில மருந்தும் அப்படித்தான், போட்டால் முழுக்கக் கழுவி, நடுநிலையாக்கி, மறுபடி தேய்க்க வேண்டும். தேய்த்த சுத்தமான இரும்புக்கு எப்பாக்ஸி மட்டும் போதும்.

ஜிஐ தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு என்றால் வெள்ளையாகப் பூத்திருப்பதை எடுத்துவிட்டு நன்றாகச் சொரசொரப்பாக்குங்கள். சாதாரண எனாமலை நேராக ஜிஐ மேல் அடித்தால் துத்தநாகம் அதைச் சோப்பாக்கி உரித்துவிடும், எப்பாக்ஸிக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. அலுமினியம் என்றால் இரும்பில் தேய்த்த தாளையோ வயர் பிரஷ்ஷையோ கிட்டேயே கொண்டுபோகக் கூடாது, புதுத் தாள்தான், தேய்த்த சூட்டோடு பிரைமர்.

கையுறை இல்லாமல் ஹார்டனரைத் தொடாதீர்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள், சால்வெண்ட் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்கள். அமீன் ஹார்டனர் தோலுக்கு ஒவ்வாமையைக் கொண்டுவரும், வந்துவிட்டால் அது போகாது. அப்புறம் டின்னைத் திறந்தாலே கண்ணைச் சுற்றித் தடித்துக்கொள்ளும். நல்ல கைவேலைக்காரர்கள் சிலர் அதனாலேயே இந்தத் தொழிலை விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். கையில் பட்டதைத் தின்னரால் துடைக்கவே வேண்டாம், அது தோலுக்குள் இன்னும் இறக்கிவிடும். சோப்பும் தண்ணீரும் போதும்.